ஆகாயத்தில் அடங்கும் குரல்கள்

பழைய ரேடியோப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்குமானால், நேயர்கள் அதன் முகத்திலுள்ள கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம். லண்டன், பாரிஸ், பெர்லின், மாஸ்கோ, ஹில்வர்ஸம், பெர்ன், கொழும்பு, டில்லி என்று பூகோள புஸ்தகத்தின் அட்டவணையைப் போல ஊர்ப் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். முள்ளை ஓர் அங்குலம் நகர்த்தினால் ஒரு சமுத்திரத்தைத் தாண்டியதாக அர்த்தம். தபால் கப்பல் மூன்று வாரத்தில் கடந்த தூரத்தை நம் வீட்டுக் குழந்தைகள் இரண்டு விரலால் கடந்தார்கள்.

இன்று அதே முள்ளை நகர்த்தினால் பெரும்பாலும் இரைச்சல்தான் கேட்கிறது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை நாம் அறிவோம். பெட்டியின்மேல் குற்றமில்லை. அந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

ஸ்விட்சர்லாந்து 2004-லேயே சிற்றலையைக் கைவிட்டது. ஸ்வீடன் 2010-ல் விடைபெற்றது. ஹாலந்தும் கனடாவும் 2012-ல் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. உலகத்தின் எல்லா மூலைகளையும் நோக்கி இரவு பகலாக முழங்கிய மாஸ்கோ 2014-ல் சிற்றலையிலிருந்து இறங்கிற்று. ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31-ந் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பி.பி.ஸி. ஒவ்வொரு பாஷையாகக் குறைத்துக்கொண்டு வந்து, 1938-ல் ஆரம்பித்த அரபு ரேடியோவை 2023 ஜனவரியில் மூடியது. 2025 மார்ச்சில் வாஷிங்டன் சர்க்காரின் ஓர் உத்தரவால், 1942 முதல் ஓயாது பேசிவந்த 'அமெரிக்காவின் குரல்' திடீரென்று வாயடைத்துப் போயிற்று. பிற்பாடு சில பாஷைகளில் மட்டும் மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

இதற்காக நாம் ஏன் வருந்த வேண்டும்? கையில் இருக்கும் போனில் உலகத்து ரேடியோக்கள் எல்லாம் கணீரென்று கேட்கின்றனவே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, இந்த அலையின் சரித்திரத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஒன்றுக்கும் உதவாத அலை

ரேடியோ பிறந்த புதிதில், நீளமான அலைகளே தூரம் போகும் என்று பண்டிதர்கள் நம்பினார்கள். 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் வியாபாரத்துக்கோ யுத்தத்துக்கோ பயன்படா என்று கருதி, பொழுதுபோக்குக்காக ரேடியோ கட்டும் அமெச்சூர்களிடம் அவற்றைத் தள்ளிவிட்டார்கள். பெரிய மனிதர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய புறம்போக்கில் ஏழைகள் விளைச்சல் எடுத்த கதைதான் பிறகு நடந்தது. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் அனுப்பிய ஸமிக்ஞைகள் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி ஸ்காட்லாந்தின் கரையில் கேட்டன. பண்டிதர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

காரணம் ஆகாயத்தில் இருந்தது. மத்திய அலை பகல் வேளையில் தரையை ஒட்டி ஊர்ந்து, சில நூறு மைல்களுக்குள் களைத்துவிடும். சிற்றலையோ வானத்தில் ஏறுகிறது. பூமிக்கு மேல் நூறு கிலோமீட்டரிலிருந்து நானூறு கிலோமீட்டர் வரையில், சூரிய கிரணங்களால் மின்னேற்றம் பெற்ற படலங்கள் இருக்கின்றன. அங்கே அலை வளைந்து மறுபடி பூமிக்கு இறங்குகிறது. தரையிலோ கடலிலோ பட்டு மீண்டும் எழும்புகிறது. ஏரி நீரின்மேல் ஓட்டாஞ்சில்லை வீசித் தத்தித் தத்திப் போகவிடும் பையன்களுக்கு இதை விளக்க, நமக்கு வகுப்பில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை. ஆப்பிள்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி 1924-ல் இப்படலம் உண்மை என்று பரிசோதித்துக் காட்டி, 1947-ல் நோபெல் பரிசு பெற்றார். கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா இதே ஆராய்ச்சியில் ஈடுபட்டு, அதே 1947-ல் மேல் வாயுமண்டலத்தைப் பற்றி எழுதி வெளியிட்ட ஆங்கில நூல் உலகமெங்கும் விஞ்ஞானிகளால் போற்றப்பட்டது.

அந்தப் படலத்துக்குச் சுங்கச் சாவடி கிடையாது. ஒரு தேசத்தில் எழும்பிய குரல் நடுவிலுள்ள பத்து தேசங்களைத் தாண்டி இறங்கும்போது, அவற்றில் எதன் அனுமதியையும் கேட்பதில்லை. கம்பி இல்லை, எக்ஸ்சேஞ்ஜு இல்லை, கணக்குப் புஸ்தகம் இல்லை. கேட்பவன் யாரென்று பேசுகிறவனுக்கே தெரியாது.

சாம்ராஜ்யங்கள் இதன் பயனை உடனே கண்டுகொண்டன. 1927-ல் ஹாலந்திலிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்கு ஒலிபரப்பு நடந்தது. 1932 டிசம்பர் 19-ந் தேதி லண்டன் தன் சாம்ராஜ்ய ஒலிபரப்பை ஆரம்பித்தது. தூர தேசங்களில் இருக்கும் துரைமார்கள் தாய்நாட்டின் மணியோசையைக் கேட்டு மகிழட்டும் என்பது அதன் நோக்கம். ஆனால், துரைக்காக வந்த அலை துபாஷியின் வீட்டிலும் இறங்கியது; அவன் பிள்ளைகள் அதைத் திருப்பிப் பிடிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

1942 ஆகஸ்டு 9-ந் தேதி காங்கிரஸ் தலைவர்கள் எல்லோரும் சிறை புகுந்தார்கள். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. அம்மாதம் 27-ந் தேதி, பம்பாயில் எங்கோ ஒரு வீட்டிலிருந்து 42.34 மீட்டரில் காங்கிரஸ் ரேடியோ பேசத் தொடங்கியது. அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் உஷா மேத்தா என்ற இருபத்திரண்டு வயது மாணவி. போலீஸார் மோப்பம் பிடிக்காதிருக்க இடம் மாற்றி இடம் மாற்றிப் பேசி, நவம்பர் 12-ந் தேதி அகப்பட்டார். நான்கு வருஷத் தண்டனை பெற்றார். அதே ஆண்டு பிப்ரவரியில், எங்கே போனார் என்று தேசமே திகைத்திருந்த சுபாஷ் சந்திர போஸின் குரல் பெர்லினிலிருந்து ஒலித்தது. கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியைத் தாழ்த்திக்கொண்டு அதைக் கேட்டவர்களின் பட்டியல் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் இல்லை. இருக்கவும் முடியாது.

இன்னொரு வேடிக்கை. ஸோவியத் சர்க்கார் பல்லாண்டு காலம் அந்நிய ரேடியோக்களின்மேல் இரைச்சலை ஏவி, தன் பிரஜைகள் அவற்றைக் கேட்கவொட்டாமல் தடுத்துவந்தது. 1988-ல்தான் அவ்வழக்கத்தை விட்டது. 1991 ஆகஸ்டில் ஸோவியத் அதிபர் கோர்பசேவையே கிரிமியாவிலுள்ள விடுமுறை மாளிகையில் அடைத்து, டெலிபோன் கம்பிகளை அறுத்துவிட்டார்கள். மாஸ்கோவில் என்ன நடக்கிறதென்று அவர் எப்படித் தெரிந்துகொண்டார்? மெய்காவலர்கள் தேடியெடுத்த ஒரு பழைய ரேடியோவில் பி.பி.ஸி.யையும் மற்ற அந்நிய நிலையங்களையும் கேட்டு! தாமே இதைப் பிறகு சொன்னார்.

தமிழ் ஏறி வந்த அலை

யுத்த காலத்தில், 1941 மே 3-ந் தேதி லண்டனிலிருந்து தமிழ் பேசத் தொடங்கியது. பிற்காலத்தில் 'தமிழோசை' என்று பெயர் பெற்ற அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ந் தேதி கடைசியாக ஒலித்தது. எழுபத்தாறு வருஷம்! அதன் மதிப்பை அறிய விரும்புவோர் யாழ்ப்பாணத்தாரைக் கேட்க வேண்டும். 1990-க்குப் பிந்திய யுத்த வருஷங்களில் அங்கே மின்சாரம் இல்லை. பாட்டரி கிடைப்பது அரிது. ஜனங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுழற்ற, டைனமோவில் வரும் சொற்ப மின்சாரத்தை ரேடியோவுக்குக் கொடுத்துச் செய்தி கேட்டார்கள். சுழற்றுகிறவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். தன் ஊரில் நேற்று விழுந்த குண்டைப் பற்றித் தெரிந்துகொள்ள, ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள லண்டனைக் கேட்க வேண்டியிருந்தது. விசித்திரமான நிலைமைதான். ஆனால் கேட்க முடிந்தது அல்லவா?

இந்தப் பக்கத்து ஞாபகங்கள் இவ்வளவு கடுமையானவை அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் நேச நாட்டுச் சேனைகளுக்காக இலங்கையில் நிறுவிய பெரிய டிரான்ஸ்மிட்டர், யுத்தம் முடிந்ததும் இலங்கை ரேடியோவின் கைக்கு வந்தது. 1952-ல் நம் மத்திய மந்திரியான கேஸ்கர் சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு செய்து ஆகாசவாணியில் அதன் வாயைக் கட்டினார். ஜனங்கள் கெட மறுத்தார்களா? முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்! மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் தமிழ்நாட்டின் டீக்கடைகளிலெல்லாம் வீட்டு மனிதர் குரலாகி விட்டது. 1957-ல் ஆகாசவாணி 'விவித் பாரதி'யை ஆரம்பித்ததற்கு இந்த ஓட்டமே காரணம். ஒரு மந்திரியின் சங்கீத அபிப்பிராயத்தைச் சிறு தீவு ஒன்று மாற்றிற்று.

1963 முதல் பீகிங்கிலிருந்தும் தமிழ் வந்தது. கர்ப்பத்திலிருந்தே தமிழ் கேட்டு வளர்ந்த நம் மாணாக்கர்கள் "டீச்சர், பேப்பர் கரெக்ட் பண்ணியாச்சா?" என்று வினவும் இக்காலத்தில், பீகிங்கிலே தமிழ் கற்ற சீனப் பெண்மணிகள், "அன்பார்ந்த நேயர்களே!" என்று ஆரம்பித்து ஆங்கிலம் கலவாமல் பேசினார்கள். கேட்கும்போதெல்லாம் நமக்குப் பெருமையும் வெட்கமும் சேர்ந்தே உண்டாகும். அவர்கள் சொன்ன அரசியலை எவ்வளவு பேர் நம்பினார்கள் என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அவர்களுக்காக நேயர் மன்றங்கள் முளைத்தது மெய். மணிலாவின் 'வேரித்தாஸ்' கத்தோலிக்க நிலையமும் தமிழில் பேசிற்று. அது 2018-ல் சிற்றலையை விட்டு இண்டர்நெட்டுக்குக் குடிபோனது.

ஏன் அடங்கின?

முதற் காரணம் பணம். பெரிய சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்று 500 கிலோவாட் சக்தியை ஆகாயத்தில் விடுகிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிகளில் ஐந்நூற்றை ஒருசேரப் போட்டது போன்ற செலவு. யந்திரத்துக்குள் வீணாகும் மின்சாரம் வேறு. யாரோ ஒரு தூர தேசத்துக் குடியானவன் கேட்பதற்காக இவ்வளவு மின்சாரத்தை ஏன் எரிக்க வேண்டும் என்று வரவு செலவு பார்க்கும் அதிகாரி கேட்கிறார். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அவருக்கு எண்ணிக் காட்டவும் வழியில்லை. அமெரிக்காவுக்கும் ஸோவியத்துக்கும் இடையிலிருந்த பனிப்போர் முடிந்ததும், சர்க்கார்களுக்கு அந்நியருடன் பேசும் ஆர்வமும் தணிந்தது. எப்.எம்., ஸாட்டிலைட், செல்போன் ஆகியவை தெளிவாகக் கேட்கின்றன. சிற்றலையோ அலைமேல் தோணி போல ஏறி இறங்கும். சூரியனுக்குக் கோபம் வந்தால் ஒரு நாள் முழுதும் கேட்காமலே போகும்.

இவற்றோடு நாமும் ஒரு கெடுதல் செய்திருக்கிறோம். வீடு நிறைய எல்.ஈ.டி. விளக்கு, போன் சார்ஜர், இன்வர்ட்டர் என்று மாட்டி வைத்திருக்கிறோம். மலிவான இந்தச் சாமான்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். வானத்திலிருந்து இறங்கும் மெல்லிய குரலைச் சுவரிலிருந்து கிளம்பும் இரைச்சல் விழுங்கிவிடுகிறது.

நிலையங்கள் குறையவே கேட்போர் குறைகிறார்கள். கேட்போர் குறைந்துவிட்டார்கள் என்று நிலையங்களை மூடுகிறார்கள். பிள்ளைகள் வரவில்லை என்று ஒரு வாத்தியாரை மாற்றிவிட்டு, வாத்தியார் இல்லை என்பதால் பிள்ளைகள் வருவதில்லை என்று பள்ளிக்கூடத்தை மூடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே தர்க்கந்தான்.

நமது ஆகாசவாணியும் இதற்கு விலக்கல்ல. 1939 அக்டோபரில் பஷ்து பாஷையில் ஆரம்பித்த அதன் அந்நிய தேச ஒலிபரப்பு இன்று மிகவும் சுருங்கிவிட்டது. மாகாணத் தலைநகர்கள் பலவற்றில் இருந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

சிற்றலையைப் புண்ணிய தீர்த்தமாக்க நமக்கு விருப்பமில்லை. ஹிட்லரின் பொய்களும் அதே படலத்தில்தான் மோதித் திரும்பின. ஆனால், இண்டர்நெட் வந்தபின் இது எதற்கு என்போர் சமீபத்து நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கவனிக்கட்டும். 2019 ஆகஸ்டில் காஷ்மீரத்தில் டெலிபோனும் இண்டர்நெட்டும் ஒருசேர நிறுத்தப்பட்டன. உடனே பி.பி.ஸி. தன் ஹிந்தி, உருது, ஆங்கிலச் சிற்றலை நேரத்தை அதிகரித்தது. ஆறு மாதம் முடியுமுன், 2020 ஜனவரி 31-ந் தேதி, அதே பி.பி.ஸி. தன் ஹிந்திச் சிற்றலை ஒலிபரப்பை மூடிவிட்டது! 1940-ல் தொடங்கிய ஒலிபரப்பு. 2011-ல் மூட முயன்றபோது பிரமுகர்களும் நேயர்களும் கூக்குரலிட்டுக் காப்பாற்றிய ஒலிபரப்பு. இம்முறை கூக்குரலிட ஆளில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்ய சேனை உக்ரைனுக்குள் புகுந்து, ரேடியோக் கோபுரங்கள் குண்டுக்கு இரையானபோது, லண்டன் மறுபடியும் சிற்றலையைத் தூசி தட்டி எடுத்தது. 15735, 5875 கிலோஹெர்ட்ஸுகளில் தினம் நான்கு மணி நேரம் செய்தி அனுப்பிற்று. 2023-ல் ஸூடானில் உள்நாட்டு யுத்தம் மூண்டதும் அரபு மொழியில் மீண்டும் அவசர ஒலிபரப்பு நடந்தது. அரபு ரேடியோவை மூடிச் சில மாதங்களே ஆகியிருந்தன! பஸிபிக் சமுத்திரத்தின் தீவுகளில் புயல் அடித்தால் செல்போன் கோபுரம் முதலில் சாயும்; ஆஸ்திரேலியாவின் குரல் நின்றபோது அங்குள்ளவர்கள் முறையிட்டார்கள், பலனில்லை. பக்கத்திலுள்ள நியூஸிலாந்து மட்டும் வேறு விதமாக யோசித்து, 2024-ல் அத்தீவுகளுக்காகப் புதிய டிரான்ஸ்மிட்டரே நிறுவியிருக்கிறது. சிறிய தேசம், பெரிய புத்தி.

மூடிய நிலையத்தை நினைத்தபோது திறக்க முடியுமானால் நமக்குக் கவலையில்லை. கனடாவின் சாக்வில் நிலையம் 2012-ல் நின்றது. 2014-ல் அதன் கோபுரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். யுத்தம் வந்த பிறகு அந்தச் சதுப்பு நிலத்தில் கோபுரம் நட ஆரம்பிக்கலாகுமா? பெங்களூருக்கு அருகே ஆகாசவாணிக்கு 500 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்கள் உண்டு. அவற்றைப் பேண ஆகும் செலவை நஷ்டக் கணக்கில் எழுதாமல், ஊர்க்குளத்தைத் தூர்வாரும் செலவோடு சேர்த்து எழுத வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இன்னும் என்ன கேட்கலாம்?

நிற்க. எல்லாம் முடிந்துவிட்டதென்று பெட்டியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம். சீனம் இன்றும் பல பாஷைகளில் பலமாகப் பேசுகிறது. முள்ளை எங்கே நகர்த்தினாலும் அதன் குரல் தட்டுப்படும். காலி செய்த வீட்டில் யார் குடியேறினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஜப்பான், தென் கொரியா, தைவான், துருக்கி ஆகியவையும் முன்னைவிடக் குறைவாகவேனும் பேசுகின்றன. ஐரோப்பாவில் பணக்கார தேசங்கள் விட்ட காரியத்தை ருமேனியா விடாமல் செய்துவருகிறது. அதன் கிராமியச் சங்கீதம் கேட்கத் தக்கது. பி.பி.ஸி.யின் ஆங்கில ஒலிபரப்பும் நம் பக்கத்துக்குச் சில மணி நேரம் வருகிறது. கேட்டதை எழுதி அனுப்பினால் அழகான அட்டை ஒன்றை அச்சிட்டுத் தபாலில் அனுப்பும் நிலையங்கள் இன்னும் சில உண்டு. குழந்தைகளுக்குத் தபால்தலை சேர்ப்பதைப் போல இதுவும் நல்ல பூகோளப் பாடம்.

சங்கீதமும் செய்தியும் இல்லாத குரல்களும் உண்டு. 10 மெகாஹெர்ட்ஸில் கடிகாரம் போல 'டிக் டிக்' என்று கேட்டால், அது பெரும்பாலும் சீனத்து நேரம் அறிவிக்கும் நிலையம். 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் காலை வேளையில் வாத்துக் கத்துவது போன்ற ஓசை கேட்கும். அது அமெச்சூர்களின் ஸம்பாஷணை. அதைப் பிரித்துக் காட்டும் வசதியுள்ள ரேடியோவில் கேட்டால் வாத்துகள் நல்ல தமிழிலேயே குசலம் விசாரித்துக்கொள்வது தெரியவரும். இவர்களை வெறும் பொழுதுபோக்குக்காரர் என்று எண்ணலாகாது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, தற்செயலாக அங்கே போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த இந்திய அமெச்சூர் குழு ஒன்றின் சிற்றலைக் கருவிகள் அத்தீவுகளின் செய்தியை வெளியுலகுக்குக் கொண்டுவந்தன. உறவினரைத் தேடித் தவித்தவர்களுக்குத் தகவல் சொல்லின. வங்காளக் கடலின்மேல் பறக்கும் விமானங்களும் இன்றும் சிற்றலையில் கரையோடு பேசுவதுண்டு.

வெறும் எண்களை மட்டும் ஓயாமல் வாசிக்கும் மர்மக் குரல் எதிலேனும் அகப்பட்டால் பயப்பட வேண்டாம். ஒற்றர்களுக்கு அனுப்பும் உத்தரவுகள் அவை. 2001-ல் அமெரிக்காவில் பிடிபட்ட ஆனா மோண்டெஸ் என்ற அம்மாள், அமெரிக்க ராணுவ உளவு இலாகாவிலேயே உத்தியோகம் பார்த்துக்கொண்டு, கியூபாவின் கட்டளைகளை இப்படிச் சிற்றலை ரேடியோவில்தான் பெற்றுவந்தார். கேட்பவரைக் கண்டுபிடிக்க முடியாத கருவி எது என்பது ஒற்றர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கேட்க விரும்புவோருக்கு இரண்டொரு யோசனை சொல்லி நிறுத்துகிறோம். பகலில் 19, 16 மீட்டர்களும், அஸ்தமனத்துக்குப் பின் 31, 41, 49 மீட்டர்களும் நன்றாயிருக்கும். சூரியனிலுள்ள களங்கங்கள் பதினொரு வருஷத்துக்கு ஒருமுறை பெருகிக் குறையும். அவை மிகுந்த வருஷங்களில் 13 மீட்டர்கூட உயிர்பெறும். ஜன்னலுக்கு வெளியே இருபது முப்பது அடிக் கம்பியைக் கட்டி, மின்சாரக் கம்பிகளுக்கு எட்டாதபடி இழுத்து, ரேடியோவின் ஏரியலில் சுற்றிவிடுங்கள். இடி மின்னல் வந்தால் கழற்றிவிட மறக்க வேண்டாம். ரேடியோ இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ஹாலந்திலுள்ள ட்வெண்டே பல்கலைக்கழகத்தார் தங்கள் ஏரியலில் விழும் சிற்றலை முழுவதையும் இண்டர்நெட்டில் திறந்து வைத்திருக்கிறார்கள், அவரவர் இஷ்டப்படி முள்ளை நகர்த்தலாம். ஆனால் அது ஹாலந்தின் வானம். நம் வானத்தைக் கேட்க, மின்சாரம் நின்றுபோன ஓர் இரவைப் போல உகந்த சமயம் வேறில்லை. இன்வர்ட்டரையும் நிறுத்திவிட்டு, பாட்டரி ரேடியோவை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று, எட்டு மணி சுமாருக்கு 31 மீட்டரின் ஒரு கோடியிலிருந்து மெதுவாக ஆரம்பிக்கலாம்.